ஐஸில் வைக்கக் கூடாது

20 ஜனவரி 2025, திங்கள்

கண் மருத்துவரிடம் போய் வந்தேன். பழைய கண்ணாடியே போதும் என்றார். மனைவி கிளாடிஸ் நம்பவில்லை. அவர் என் கண்ணைப் பார்த்தாரா, இல்லை நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு அனுப்பிவிட்டாரா என்று கேட்டாள்.

மத்தியானம் ஆய்வகம். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் போய்வருகிறேன். அரசாங்க மருத்துவமனையில் செய்த அதே வேலைதான், சின்ன இடத்தில். உடலுறவில் தொற்றும் வெட்டை நோயின் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பது. எங்கள் தீவிலும் கடலுக்கு அக்கரையிலும் உள்ள சில கிளினிக்குகள் நோயாளிகளின் மாதிரிகளை அனுப்புகின்றன. முடிவுகள் கோலாலம்பூரில் உள்ள பெரிய ஆய்வகத்துக்குப் போகின்றன; எங்கள் பேச்சில் அது கே.எல். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை இப்போது இயந்திரமே சொல்லிவிடும். மருந்து கேட்குமா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதற்குக் கிருமி உயிரோடு வேண்டும், அதை வளர்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இந்த ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு எதைப் பற்றியும் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன்.

மாதா கோயிலில் விசாரிப்பவர்களிடம் நான் தண்ணீர் பரிசோதனை செய்வதாகக் கிளாடிஸ் சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் ஒருவர் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்து பூசை முடிந்ததும் என் கையில் கொடுத்துவிட்டார். மறுக்கத் தைரியம் வரவில்லை. சோதித்துக் கொடுத்தேன். நல்ல தண்ணீர்தான்.

24 ஜனவரி, வெள்ளி

அக்கரையில் பட்டர்வொர்த் கிளினிக்கிலிருந்து வந்த ஒரு மாதிரி மனத்தை விட்டுப் போகவில்லை. சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என்ன விஷயம் என்று கிளாடிஸ் கேட்டாள்.

ஒரு தட்டை எடுத்து, அதன் குறுக்கே கத்தியை வைத்துக் காட்டினேன். தட்டு முழுக்கக் கிருமி. கத்தி என்பது மருந்து தடவிய பட்டை. பிடிப் பக்கம் மருந்து அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறையும். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் பட்டையைச் சுற்றிக் கிருமி வளராத இடம் ஒரு துளி போலத் தெரியும். துளி முடிந்து கிருமி எங்கே பட்டையைத் தொடுகிறதோ அங்கே அச்சிட்டிருக்கும் எண்தான் விடை. எண் சிறியதென்றால் மருந்து நன்றாகக் கொல்கிறது. வெட்டைக்கு இன்று நம்பிப் போடும் ஊசி செஃப்ட்ரியாக்ஸோன் ஒன்றுதான். அதன் எண் வழக்கமாகக் கத்தி நுனியை ஒட்டியே கிடக்கும். எல்லை 0.125. அதைத் தாண்டினால் ஊசியை நம்ப முடியாது.

"இது எவ்வளவு?"

"0.5."

கிளாடிஸ் கத்தியை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். "அப்ப அந்த ஆளு?" என்றாள்.

அதுவரை நான் எண்ணை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

25 ஜனவரி, சனி

மறுபடி வைத்தேன். பட்டை புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது. பக்கத்தில் கண்ட்ரோல் – அதாவது எண் முன்பே தெரிந்த கிருமி. அது சரியாக வந்தால்தான் மற்றதை நம்பலாம்.

26 ஜனவரி, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஆய்வகம். கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பட்டர்வொர்த் மாதிரி மறுபடியும் 0.5.

27 ஜனவரி, திங்கள்

ஆய்வகத் தலைவர் டாக்டர் கார்த்திகேசு மகள் வீட்டுக்குப் பெர்த் போயிருக்கிறார். அவரைப் போனில் கூப்பிடுவதா, திரும்பி வரட்டும் என்று இருப்பதா? காலை முழுக்க இதிலேயே போயிற்று. கடைசியில் கூப்பிட்டேன்.

நல்ல கேள்விகளாகவே கேட்டார். வேறு கிருமி கலந்திருக்கிறதா? இல்லை. இது வெட்டைக் கிருமிதானா, தொண்டையில் சாதாரணமாக இருக்கும் அதன் உறவுக்காரக் கிருமிகளில் ஒன்றா? வெட்டைதான், இரண்டு வழியில் பார்த்துவிட்டேன். கண்ட்ரோல்? சரி. பிறகு முடிவாகச் சொன்னார்:

"கே.எல்.லுக்கு உயிரோட அனுப்புங்க, பேட்ரிக். அவங்களும் பார்த்துச் சொல்லட்டும். அதுக்கப்புறம் ரிப்போர்ட். ஒருத்தர் கண்ணால பார்த்தத வச்சு ஊரைக் கலக்க முடியாது."

நியாயம்தான். புதன், வியாழன் சீனப் புத்தாண்டு விடுமுறை. விடுமுறைக்கு முந்தைய நாளும் கூரியர் இதை எடுக்காது, வெள்ளிக்கிழமைதான். அதுவரை புதுத் தட்டில் மாற்றி மாற்றிக் கிருமியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எங்களிடம் ஆழமாக உறைய வைக்கும் பெட்டி கிடையாது. கிளினிக்குக்கு "உறுதி செய்யப்படுகிறது" என்று மட்டும் அனுப்பினேன்.

28 ஜனவரி, செவ்வாய்

புதுத் தட்டில் மாற்றி இன்குபேட்டரில் வைத்தேன். மூடியில் சிவப்புத் தாள் ஒட்டி முக்கியம் என்று பெரிதாக எழுதினேன். வெள்ளிவரை தாங்கும்.

31 ஜனவரி, வெள்ளி

தட்டு இன்குபேட்டரில் இல்லை. ஐஸ்பெட்டியில் இருந்தது.

விடுமுறையில் எங்கள் அறையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது இரத்தப் பிரிவு ரமணி. வேலையில் கெட்டிக்காரர். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அவருக்கு முகம் மாறிவிட்டது.

"அண்ணே, செவப்புத் தாள் ஒட்டியிருந்தீங்க. முக்கியமான சேம்பிள எல்லாம் நாங்க அங்கதானே வைப்போம். வெளிய விட்டா கெட்டுப் போயிரும்னு..."

இரத்தத்துக்கு அது சரி. மற்றக் கிருமிகளில் பலவும் ஐஸ்பெட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். வெட்டைக் கிருமி அப்படியல்ல. மனித உடம்பை விட்டு வெளியே வந்தால் அதற்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது, குளிர் சுத்தமாக ஆகாது. எங்கள் அறையில் எல்லோருக்கும் இது தெரியும் என்றுதான் வேறு எதுவும் எழுதாமல் விட்டேன். விடுமுறையில் எங்கள் அறையில் எங்களில் ஒருவரும் இருக்க மாட்டோம் என்பதை யோசிக்கவில்லை. ரமணியிடம், உங்கள் தவறில்லை என்று சொன்னேன். சரியாகக் கேட்கும்படி சொன்னேனா என்று தெரியவில்லை.

தட்டிலிருந்து வழித்தெடுத்துப் புதுத் தட்டுகளில் தேய்த்து வைத்திருக்கிறேன். வரும் என்று தோன்றவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

வரவில்லை.

கார்த்திகேசு வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உயிரோடு இல்லாத கிருமிக்கு ரிப்போர்ட் எழுத முடியாது என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, பட்டையைப் படித்ததில் ஏதாவது பிசகு இருந்திருக்குமா என்று கேட்டார்.

"இருந்திருக்கலாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு முறை வைத்தேன். இரண்டு முறையும் கண்ட்ரோல் சரி. பிசகு இல்லை. எனக்குத் தெரியும். ஒருவர் எதிரே உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டால் எனக்குத் தெரிந்தது எல்லாம் எங்கே போய்விடுகிறது?

4 பிப்ரவரி, செவ்வாய்

பட்டர்வொர்த் கிளினிக் டாக்டர் ஆயிஷா கூப்பிட்டார். ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எண்ணையும் சொன்னேன். கார்த்திகேசுவிடம் கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

அவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அங்கிள், நான் அந்த மனுசன ஏசிட்டேன்" என்றார்.

அந்த மனிதர் துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்கும் கிரேன் ஓட்டுபவர். பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. எல்லை தாண்டிப் போன ஒரு பயணத்தில் தவறு செய்தார், நோய் வந்தது, மனைவியிடம் அவரே சொன்னார். டிசம்பர் கடைசியில் இருவருக்கும் ஒரே நாளில் ஊசி. மனைவி மறுநாளே தங்கை கல்யாண வேலைக்கு சுங்கை பட்டாணி போய்விட்டார். போகும்போது மன்னித்துவிட்டுத்தான் போனாராம். அவர் திரும்புவதற்குள் இவருக்கு மறுபடி வலி, சீழ். டாக்டர் மாதிரி எடுத்து எனக்கு அனுப்பினார், இரண்டாவது ஊசி போட்டார், கார்டில் புதிதாகத் தொற்றியது என்று எழுதினார். முகத்துக்கு நேரேயும் சொன்னார். நான் எங்கேயும் போகவில்லை என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார். இப்படிச் சத்தியம் செய்பவர்களை டாக்டர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மனைவிக்கு விஷயம் தெரிந்தது. வீட்டை விட்டு நான் நகர்ந்ததும் மறுபடி போயிருக்கிறாய் என்று சொல்லி, அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். விவாகரத்துக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறாராம்.

நான் 0.5 என்று படித்தது சரியென்றால், அந்த ஊசி அவருக்கு முதலிலேயே கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அது மட்டுமா? மனைவிக்கும் அதே ஊசி. பெண்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கும். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் அங்கே இருக்கிறார்.

புது மாதிரி வேண்டும் என்றேன். டாக்டருக்கும் அதுதான் கவலை. கிளினிக் எண்ணைப் பார்த்தால் கிரேன்காரர் போனை எடுப்பதில்லை. "நீங்க பேசிப் பாருங்க அங்கிள். நான் பேசினா வரமாட்டாரு."

நான் மனிதர்களோடு பேசுகிற வேலைக்குப் போகாமல் ஆய்வகத்துக்குப் போனவன்.

5 பிப்ரவரி, புதன்

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிரேன்காரரைக் கூப்பிட்டேன். முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வெட்டினார்.

"டாக்டர் சொல்லிப் பேசுறீங்களா அங்கிள்? நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன். நம்பலன்னா விட்ருங்க லா."

"நான் நம்புறேன்" என்றேன். அது தாளில் இல்லை. பொய்யாகிவிடக் கூடாதே என்று பயந்து உடனே திருத்தினேன். "உங்கள எனக்குத் தெரியாது தம்பி. நான் பார்த்த நம்பர நம்புறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்னைய நம்பலன்னு நேராவே சொல்லிட்டீங்க. பரவால்ல, மத்தவங்க அதயும் சுத்தி வளச்சுதான் சொல்றாங்க."

அதன் பிறகு பேச்சு எளிதாக இருந்தது. ஊசி கேட்காத கிருமி ஒன்று இருக்கிறது, அது அவரிடம் இருந்ததை நான் பார்த்தேன், எங்கள் கையில் அது செத்துவிட்டது, மறுபடி எடுத்துப் பார்த்தால் நிரூபிக்கலாம் என்றேன். மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். கூட வேலை செய்பவர் யாரோ ஏதோ மாத்திரை கொடுத்தாராம். சட்டைப் பையிலேயே இருக்கிறது, இன்று போடலாம் என்றிருந்தாராம்.

போட வேண்டாம், போட்டால் மாதிரியில் கிருமி வளராது என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் அடுக்களையிலிருந்த கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வருகிறார்.

6 பிப்ரவரி, வியாழன்

கிளினிக் கூரியர் மாதிரிகளை ஐஸ் போட்ட பெட்டியில்தான் கொண்டுவருவார். ஐஸ் வேண்டாம் என்று அவரிடம் எத்தனை முறை சொன்னாலும், வெயிலில் கெட்டுவிடும் என்று என் மேல் இரக்கப்பட்டு ஐஸ் போடுவார். இந்த முறை யாரையும் நம்பப் போவதில்லை. தட்டை நானே எடுத்துப் போகிறேன். அங்கேயே, சூடு ஆறுவதற்குள், தட்டில் தேய்த்துவிடலாம்.

கார்த்திகேசுவிடம் சொன்னேன். உங்கள் வயதில் ஃபெரியில் தட்டு தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்றார். அலைய வேண்டும் என்றேன். நான் அப்படிச் சொன்னதை இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கிருமிக்குக் கரியமிலக் காற்றும் வேண்டும். ஆய்வகத்தில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. வெளியே போகும்போது பழைய முறைதான். அகன்ற கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, மேலே சின்ன மெழுகுவர்த்தி ஏற்றி, மூடியை இறுக்கினால் அது தானாக அணையும். அணையும்போது உள்ளே இருக்கும் காற்று கிருமிக்குத் தோதாகிவிடும். வாசனை இல்லாத வெள்ளை மெழுகுவர்த்தி வேண்டும். கோயில் கடையில் வாங்கினேன். எந்த வேண்டுதலுக்கு என்று கிளாடிஸ் கேட்டாள். சொன்னேன். மாதாவுக்கு ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வெட்டைக்கு ஏற்றுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள்.

7 பிப்ரவரி, வெள்ளி

தட்டுகளைத் துண்டில் சுற்றி, வெந்நீர்ப் போத்தலோடு பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். புது ஃபெரியில் குளிர்சாதனம் போட்டுக் கொல்கிறார்கள். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கையில் ஓர் அம்மாள் ஜாடியைப் பார்த்துவிட்டு, மாங்காய் ஊறுகாயா எலுமிச்சையா என்று கேட்டார். எலுமிச்சை என்றேன்.

கிரேன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நான் நினைத்ததைவிட உயரம், நினைத்ததைவிட இளையவர். டாக்டர் ஆயிஷா எழுந்து நின்று, அன்னிக்குப் பேசினது என் தப்பு என்று சொன்னார். கிரேன்காரர் தலையாட்டினார்.

மாதிரி எடுத்ததும் தட்டில் தேய்த்தேன். மெழுகுவர்த்தி ஏற்றி மூடியை இறுக்கினேன். மூன்று பேரும் அது அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எம்பொண்டாட்டிகிட்ட நீங்க சொல்றீங்களா அங்கிள்?"

முதலில் வளரட்டும் தம்பி என்றேன்.

திரும்பும்போது ஜாடி பெட்டிக்குள், பெட்டிக்கு மேல் எச்சரிக்கைத் தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

வளர்ந்திருக்கிறது. சின்னச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், பளபளவென்று. பட்டை வைத்தாயிற்று.

10 பிப்ரவரி, திங்கள்

கார்த்திகேசுவைக் கூப்பிட்டேன். நான் பக்கத்தில் நிற்கவில்லை. என் எண்ணையும் சொல்லவில்லை. அவராகவே படிக்கட்டும் என்று வெளியே போய்விட்டேன். கதவைத் திறந்து வந்து, "பாயிண்ட் ஃபைவ்" என்றார். கூடவே, "உங்களுக்கும் அதானே?" என்றார்.

அதுதான்.

இன்றே கே.எல்.லுக்கு ஒரு பகுதி போயிற்று. பெட்டியில் ஆறு பக்கமும் ஐஸில் வைக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன். தமிழில் எழுதியதை ரமணி கேட்டு வாங்கி எங்கள் ஐஸ்பெட்டிக் கதவிலும் ஒட்டிவிட்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

விடுமுறை. கிருமிக்கு விடுமுறை இல்லை, தட்டு மாற்றப் போனேன். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் பாதை எல்லாம் அடைத்திருந்ததால் இறங்கி நடந்தேன். தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் வழி மறித்து மோர் கொடுத்தார். எங்கே அங்கிள், மலைக்கா என்று கேட்டார். வேலைக்கு என்றேன். இன்றைக்குமா என்று இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.

ஒருவர் கிளினிக்குக்கு வந்ததால் இந்தக் கிருமி எங்களுக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டு வராதவர்கள்? மருந்துக் கடை மாத்திரையோடு நிறுத்திக்கொண்டவர்கள்? இவ்வளவு கூட்டத்துக்குள் நடக்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

ரிப்போர்ட் போயிற்று. இரண்டு பேர் பார்த்துவிட்டோம், கே.எல். முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே கையெழுத்துப் போடுங்கள் என்று கார்த்திகேசு சொல்லிவிட்டார். போட்டேன். அவரும் கீழே போட்டார்.

கிரேன்காரருக்கு மருத்துவமனையில் வேறு மருந்து, நரம்பு வழியாக. மனைவியிடம் டாக்டர் ஆயிஷா பேசினார். அவர் நம்பவில்லை. டாக்டரும் கணவரும் சேர்ந்து கதை கட்டுவதாக நினைக்கிறார். ஆனால் நீங்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றதும், வருகிறேன் என்றாராம். கோபத்தில்தான்.

17 பிப்ரவரி, திங்கள்

மறுபடி ஃபெரி, வெந்நீர்ப் போத்தல், ஜாடி.

அந்தப் பெண் தனியாக வந்தார். அலுவலகத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கழுத்தில் அடையாள அட்டை. அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, டாக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் லேப் அங்கிளா? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு ரெண்டாவது தடவ போனாரா இல்லையா? அது இதுல தெரியுமா?"

தெரியும், அவர் போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கிரேன்காரருக்கும் சந்தோஷம்.

"தெரியாதும்மா" என்றேன். "மனுசன் எங்க போனாருன்னு தட்டு சொல்லாது. ஊசி கேக்கலன்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கை காட்டி நிறுத்தினேன். டாக்டர்களை நான் கை காட்டி நிறுத்தியதே இல்லை.

"நீங்களும் அதே நாள் அதே ஊசிதான் போட்டீங்க. அன்னிலேருந்து நீங்க அவருகூட இல்ல. இப்ப உங்ககிட்டயும் அது அதே மாதிரி இருந்துச்சுன்னா..."

என்னால் முடிக்க முடியவில்லை. ஒரு பெண்ணிடம் எப்படி முடிப்பது?

"நான் எங்கயும் போகலயே" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கைப்பை மேல் இருந்த கை அப்படியே நின்றது. அவர் கணவர் சத்தியம் செய்ததும் இதே வார்த்தையில்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொன்னேன். பெண்களிடம் இது வளராமலும் போகலாம், வளரவில்லை என்றால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை, ஒன்றும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

"சரி. எடுங்க" என்றார். நான் வெளியே போய், டாக்டர் கூப்பிடும்வரை வராந்தாவில் நின்றேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

ஒன்றும் இல்லை. முதல் நாள்தானே.

இது வளர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு பெண்ணின் உடம்பில் நோய் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் – எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. கிளாடிஸிடம் சொன்னேன். இருந்தால் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் விரும்பி அது வரப் போவதில்லை, சாப்பிடுங்கள் என்றாள்.

19 பிப்ரவரி, புதன்

ஓரத்தில் நான்கைந்து புள்ளிகள். அவைதான். பெருக்கி எடுக்க இன்னொரு நாள், பட்டைக்கு இன்னொரு நாள்.

21 பிப்ரவரி, வெள்ளி

0.5. கண்ட்ரோல் சரி. கார்த்திகேசு படித்தார், அதே எண். மற்ற மருந்துகளிலும் கணவன், மனைவி இரண்டு தட்டும் ஒன்று போலவே நடந்துகொள்கின்றன. அதாவது டிசம்பர் ஊசிக்கு முன்பே இருவரிடமும் இருந்த ஒரே கிருமி, ஊசிக்குச் சாகவில்லை.

மத்தியானம் டாக்டர் ஆயிஷாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் கூப்பிட்டார். அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னாராம். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "ரெண்டு ஊசி போட்டும் அவரு வலிக்குதுன்னு சொன்னாரு. நான் நடிக்கிறாருன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாராம். திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்கிறார்.

முதல் தவறு முதல் தவறுதான். அதை எந்தத் தட்டும் அழிக்காது. இரண்டாவது நடந்ததாக இனி யாரும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் என் வேலை. அதைச் சரியாகச் செய்தேன்.

5 மார்ச், புதன்

கே.எல். முடிவு வந்துவிட்டது. பிறகு அனுப்பிய மனைவியின் கிருமியையும் சேர்த்து இரண்டிலும் நம் எண்தான். அக்கரைக் கிளினிக்குகள் எல்லாவற்றுக்கும் அறிவிப்பு போகிறது: ஊசிக்குப் பிறகும் நோய் நின்றால், புதிதாகத் தொற்றியது என்று எழுதுவதற்கு முன் மாதிரி அனுப்பவும்.

சாம்பல் புதன். நெற்றிச் சாம்பலோடு ஆய்வகம் போனேன். ஜாடியோடு இனி ரமணியும் ஃபெரியில் வருவதாகச் சொல்கிறார். நான் சரி என்றேன். துணைக்கு ஆள் இருந்தால் நல்லதுதான்.

24 மார்ச், திங்கள்

சிகிச்சை முடிந்த கணவன், மனைவியிடம் வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் எடுத்த இரண்டு மாதிரிகளும் இன்றோடு மூன்று நாள். இரண்டு தட்டும் வெறுமை. பக்கத்தில் அதே ஜாடியில், அதே மெழுகுவர்த்திக் காற்றில் வைத்த கண்ட்ரோல் அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. ஆகவே வழியில் சாகவில்லை, குளிரில் சாகவில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இருவருக்கும் குணம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் ஆயிஷாவிடம் படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் ஃபெரிக்குக் கிளம்பிய பிறகு நடந்ததை அவர் சொன்னார். இருவரும் ஒரே காரில்தான் வந்திருந்தார்களாம். சாவியைக் கணவர் கையில் கொடுக்காமல், போன தடவை கடைக்காரன் வாசலை மறித்து நிறுத்தி ஏச்சு வாங்கினது போதும், நானே ஓட்டுகிறேன் என்று அந்தப் பெண் நடைபாதையில் நின்று சண்டை போட்டாராம். கணவர் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாராம்.

இது ரிப்போர்ட்டில் வராது. இங்கே எழுதி வைக்கிறேன்.